வெளிச்சத்தைக் குறைத்தால் வலி ஏன் கூடுகிறது?

இரவு பதினொரு மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடியே செல்பேசியில் படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. பக்கத்தில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது, கண்ணும் கூசக் கூடாது என்று திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவேன். பல வருடங்களாக இப்படித்தான். புதிய செல்பேசி வாங்கிய மூன்றாவது வாரம் வலது புருவத்துக்கு மேலே ஒரு வலி வரத் தொடங்கியது. படிக்க ஆரம்பித்து இருபது நிமிடத்தில் வரும். செல்பேசியைக் கீழே வைத்தாலும் ஒரு மணி நேரம் போகாது. வெளிச்சம்தான் காரணம் என்று நினைத்து இன்னும் குறைத்தேன். வலி இன்னும் சீக்கிரம் வந்தது.

கண் மருத்துவரிடம் போனேன். பவர் மாறவில்லை, கண் அழுத்தம் சரியாக இருக்கிறது, கொஞ்சம் வறட்சி இருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்தில் வறட்சி குறைந்தது, வலி குறையவில்லை. விசித்திரம் என்னவென்றால், பகலில் அதே செல்பேசியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்றும் செய்யவில்லை. பழைய செல்பேசியை இரவில் எடுத்துப் படித்தாலும் ஒன்றும் செய்யவில்லை.

விடையைக் காட்டியது தெருமுனையில் செல்பேசி பழுதுபார்க்கும் தம்பி. “பேனா இருந்தால் கொடுங்கள் அண்ணா” என்று வாங்கி, கடை விளக்கை அணைத்தார். என் பழைய செல்பேசியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் குறைத்து, திரைக்கு முன்னால் பேனாவை விசிறிபோல் வேகமாக ஆட்டினார். பேனா ஒரு சாம்பல் நிறப் புகையாகத் தெரிந்தது. பிறகு புதிய செல்பேசியின் முன்னால் ஆட்டினார். புகை இல்லை. ஏழெட்டுப் பேனாக்கள் தனித்தனியாக, சீப்பின் பற்களைப்போல வரிசையாக நின்றன. வெளிச்சத்தை முழுதும் ஏற்றினார்; பற்கள் மங்கி ஏறக்குறைய மறைந்துவிட்டன. மறுபடி இறக்கினார், பற்கள் திரும்பி வந்தன.

அந்தத் திரை அணைந்து அணைந்து எரிகிறது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி தேவையில்லை. எப்போதும் எரிகிற வெளிச்சத்தின் முன்னால் ஆடும் பொருள் இழுபட்டுத் தெரியும். விட்டு விட்டு எரிகிற வெளிச்சத்தின் முன்னால், எரிகிற ஒவ்வொரு கணத்திலும் அது எங்கே இருந்ததோ அங்கே மட்டும் தெரியும்.

திரை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பார்த்தால் போதும். அந்தக் காலத்துப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் மின்தடையைக் கொண்டு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுத்தது. பெட்டி சூடாகும், ஆனால் விசிறி சத்தமில்லாமல் ஓடும். பின்னால் வந்த, குமிழைத் திருகினால் சீராக ஏறி இறங்குகிற மின்னணு ரெகுலேட்டர் வேறு வகை. அது மின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கொடுக்கிறது. வேகத்தைக் குறைத்தால் விசிறி ‘ம்ம்ம்’ என்று முனகுமே, அந்த முனகல் வெட்டுப்பட்ட மின்சாரத்தின் சத்தம். செல்பேசித் திரையின் வெளிச்சத்தைக் குறைக்கவும் இந்த இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. மின்னோட்டத்தையே குறைப்பது ஒன்று. மின்னோட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிறுத்தி நிறுத்திக் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதற்குத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பாடநூலில் பெயர், கடைத்தெருவில் பி.டபிள்யூ.எம். என்பார்கள். எரியும் நேரம் அதிகமாக இருந்தால் பிரகாசம், அணைந்திருக்கும் நேரம் அதிகமாக இருந்தால் மங்கல். முனகல் மட்டும் காதுக்குக் கேட்காது.

பழைய செல்பேசியில் இருந்தது எல்.சி.டி. திரை. அதில் படத்தை உண்டாக்கும் அடுக்குக்குத் தானாக ஒளி கிடையாது. பின்னாலிருந்து சில எல்.இ.டி. விளக்குகள் வெளிச்சம் அடிக்க, முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் ஜன்னல் கதவுகளைப்போல அதை விடவும் மறைக்கவும் செய்யும். பின்னால் எரியும் அந்தச் சில விளக்குகளின் மின்னோட்டத்தைக் குறைப்பது பெரிய வேலை இல்லை. எல்லா எல்.சி.டி. திரைகளும் உத்தமமானவை என்று சொல்லவில்லை. பி.டபிள்யூ.எம்.மில் ஓடும் எல்.சி.டி.களும் உண்டு, முக்கியமாக மடிக்கணினிகளில். என்றாலும் அங்கே தப்பிக்க வழி எளிது.

புதிய செல்பேசியில் இருப்பது ஓ.எல்.இ.டி. திரை. அது அப்படி அல்ல. அதில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே எரிகிற விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்று லட்சக்கணக்கில் சின்னஞ்சிறு விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மின்னோட்டத்தை அளந்து விடும் ஒரு டிரான்சிஸ்டர் சுற்று. மின்னோட்டம் தாராளமாக இருக்கும்போது இந்த லட்சம் பேரும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். மிகக் குறைத்துக் கொடுக்கும்போதுதான் வேற்றுமை வெளிப்படுகிறது: ஒன்று கொஞ்சம் கூடுதலாக எரியும், பக்கத்தில் இருப்பது கொஞ்சம் குறைவாக எரியும். சாம்பல் நிறப் பரப்பு அழுக்குத் துணிபோலத் திட்டுத்திட்டாகத் தெரியும். மூன்று நிறங்களும் ஒரே விகிதத்தில் மங்காததால் வெள்ளை, பச்சைக்கோ இளஞ்சிவப்புக்கோ சாயும். நிறத்தின் நேர்மையைச் சொல்லித்தான் இந்தத் திரைகளை விற்கிறார்கள். ஆகவே மின்னோட்டத்தை நல்ல அளவில் வைத்துக்கொண்டு, எரியும் நேரத்தைக் குறைக்கும் வழிக்கு உற்பத்தியாளர்கள் போனார்கள். பொறியியல் கணக்குப்படி அது தவறான முடிவு இல்லை. அந்தக் கணக்கில் சேராமல் விடுபட்டது பார்ப்பவரின் தலை.

வேகமாக விட்டு விட்டு எரிகிற ஒளியை மூளை சராசரியாக்கிப் பார்க்கிறது என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட் 1834இல் இதை எழுதிவைத்தார். பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோவும் இதே வழியில் ஆராய்ந்ததால் டால்போட்–பிளாட்டோ விதி என்று பெயர். பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்திருக்கும் விளக்கு, துடிப்பு போதுமான வேகத்தில் இருந்தால், பாதி வெளிச்சத்தில் தொடர்ந்து எரியும் விளக்கைப்போலவே தெரியும். ‘தெரியும்’ என்ற சொல்லில்தான் வழக்கே இருக்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன என்றுதான் விதி சொல்கிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான் என்று அது எங்கும் சொல்லவில்லை.

எண்களைக் கொஞ்சம் பார்க்கலாம். 2017இல் வந்த ஐபோன் எக்ஸ், ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஓ.எல்.இ.டி. செல்பேசி. அதன் துடிப்பு நொடிக்கு 240 முறை, அதாவது 240 ஹெர்ட்ஸ். சாம்சங்கின் காலக்ஸி வரிசையிலும் நீண்ட காலம் இதே 240தான் வழக்கம். ஒரு துடிப்புக்கு நான்கு மில்லி வினாடிக்குச் சற்று மேல். வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், அந்த நான்கில் 0.4 மில்லி வினாடி மட்டும் எரிந்து, மீதி 3.7 மில்லி வினாடிக்கு மேல் இருட்டு. என் படுக்கையறையில் நடந்தது இதுதான். மங்கலான விளக்கைப் பார்ப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது நல்ல பிரகாசமான விளக்கின் மிகக் குறுகிய பளிச்சுகளை, நொடிக்கு 240 வீதம்.

திரை முழுவதும் ஒரே நேரத்தில் அணைவதும் இல்லை. கருப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கும். நொடிக்கு 60 முறை படம் மாறும் திரையில் 240 துடிப்பு என்றால், எந்தக் கணத்திலும் நான்கு பட்டைகள் திரையில் இருக்கும். வீட்டில் இன்னொரு செல்பேசி இருந்தால் இதைப் பார்த்துவிடலாம். அதன் கேமராவில் கையால் மாற்றும் முறைக்குப் போய், ஷட்டர் வேகத்தை 1/4000 வினாடிக்குக் கொண்டுவந்து, வெளிச்சம் குறைத்த திரையை நோக்கிப் பிடியுங்கள். வரிக்குதிரையின் உடம்புபோல இருக்கும்.

சரி, 240 முறை துடிப்பதைக் கண் பார்க்கிறதா? நேராகக் கேட்டால், இல்லை. விட்டு விட்டு எரிகிற விளக்கு, தொடர்ந்து எரிவதாகத் தோன்றத் தொடங்கும் எல்லை, ஆளுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப 50 முதல் 90 ஹெர்ட்ஸுக்குள் அமைகிறது. 240 அதற்கு வெகு மேலே. ‘கண்ணுக்குத் தெரியாத ஒன்று கண்ணை எப்படி வருத்தும்?’ என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. அதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன.

முதலாவது, நாம் உணர்வதும் நரம்பு பதிவு செய்வதும் ஒன்றல்ல. விழித்திரையின் மின் துடிப்பைக் கருவியால் அளந்த ஆய்வுகள் 1990களின் தொடக்கத்திலேயே நடந்துவிட்டன. ஆள் ‘சீராக எரிகிறது’ என்று சொல்லும் விளக்குக்கும், ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸ் வரை, விழித்திரை அதே தாளத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. காவல்காரன் ஒவ்வொரு தட்டலுக்கும் எழுந்து கதவைத் திறக்கிறான்; வீட்டுக்காரருக்குத்தான் தகவல் போகவில்லை.

இரண்டாவது பதில் எனக்கு இன்னும் சுவாரசியமானது. மேலே சொன்ன எல்லை, கண் அசையாமல் இருக்கும்போது அளந்த எல்லை. கண் அசையாமல் இருப்பதே இல்லை. ஒரு வரியைப் படிக்கும்போது பார்வை வழுக்கிக்கொண்டு போவதுபோல நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது ஓரிடத்தில் கால் நொடிபோல நிற்கிறது, தாவுகிறது, நிற்கிறது, தாவுகிறது. நொடிக்கு மூன்று நான்கு தாவல். ஒரு மணி நேரம் படித்தால் பத்தாயிரத்துக்கு மேல். ஒரு தாவல் முடிய ஏறத்தாழ 30 மில்லி வினாடி ஆகும். தொடர்ந்து எரியும் ஒளியில், தாவும்போது எழுத்துகள் இழுபட்டு ஒரு தீற்றலாகிவிடும். மூளை அந்தத் தீற்றலை எடுத்து எறிந்துவிடும். 240 ஹெர்ட்ஸ் துடிப்பில் அந்த 30 மில்லி வினாடிக்குள் திரை ஏழு முறை எரிந்து அணைகிறது. தீற்றலுக்குப் பதிலாக, சற்றுச் சற்றுத் தள்ளி ஏழு கூர்மையான படங்கள் விழித்திரையில் விழுகின்றன. பழுதுபார்க்கும் தம்பி பேனாவை ஆட்டிக் காட்டியது இதேதான். இங்கே பேனா அசையவில்லை, கண் அசைகிறது.

இரவில் முன்னால் போகும் காரின் எல்.இ.டி. பின்விளக்கைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பும்போது சிவப்புப் புள்ளிகள் மணிச்சரம்போலத் தெறிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதுவும் இந்த விளைவுதான். பிரிட்டனின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்ட் வில்கின்ஸ், ராபர்ட்ஸ் என்ற இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், கண் தாவும்போது இந்தச் சரம் எந்த வேகம் வரை தெரிகிறது என்று சோதித்தார்கள். சராசரியாக 2000 ஹெர்ட்ஸுக்குச் சற்றே குறைவு வரை தெரிந்தது. இருட்டில் தனியாக எரியும் ஒரு மெல்லிய கோட்டை வைத்துச் செய்த சோதனை அது. செல்பேசித் திரைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் 90க்கு மேல் கவலை இல்லை என்கிற பழைய நிம்மதி அதோடு போயிற்று.

வில்கின்ஸின் பெயர் இந்தப் பேச்சில் இன்னொரு இடத்திலும் வந்தாக வேண்டும். அதற்கு முன் டியூப்லைட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்த என் சித்தப்பா, எங்கள் பள்ளி நாட்களில் ஓர் எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். டியூப்லைட் மட்டும் எரிகிற பட்டறையில், ஓடுகிற லேத் சில நேரம் நின்றுவிட்டதுபோலத் தெரியும். கையை வைத்தால் விரல் போய்விடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு அலையிலும் இரண்டு முறை உச்சம் வருவதால் பழைய இரும்புச் சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். லேத்தின் சுழற்சி அந்த எண்ணோடு ஒத்துப்போனால், ஒவ்வொரு பளிச்சிலும் அது ஒரே நிலையில் தென்படும். பக்கத்துப் பக்கத்து விளக்குகளை வேறு வேறு பேஸில் இணைப்பதும், இயந்திரத்தின்மேல் ஒரு குண்டு பல்பு தொங்கவிடுவதும் அதனால்தான். குண்டு பல்பின் இழை அடுத்த அலை வருவதற்குள் ஆறிவிடாது. ஒளி பெரிதாக இறங்காது.

அந்த 100 ஹெர்ட்ஸ் விளக்கின் கீழே உட்கார்ந்து எழுத்து வேலை பார்த்தவர்கள் தலைவலி என்று சொன்னபோது, பல காலம் அது வேலைப்பளு என்றும் மனநிலை என்றும் ஒதுக்கப்பட்டது. வில்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வு அந்த வாயை அடைத்தது. ஓர் அலுவலகக் கட்டடத்தில், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு வகை ஏற்பாடுகள்: ஒன்றில் வழக்கமான சோக், மற்றொன்றில் நொடிக்கு ஏறத்தாழ 32,000 முறை இயங்கும் மின்னணுச் சோக். எந்த அறையில் எது என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாது. இடையில் மாற்றியும் பார்த்தார்கள். மின்னணுச் சோக்கின் கீழ் தலைவலியும் கண்சோர்வும் பாதிக்கும் கீழே இறங்கின. எனக்குப் பிடித்தது அதன் ஓரத்தில் இருக்கும் இரண்டு தகவல்கள். வேறுபாடு தெரியாமலேயே, மின்னணுச் சோக் இருந்த அறைக்காரர்கள் விளக்கைச் சராசரியாக 30% கூடுதல் நேரம் எரியவிட்டார்கள். கட்டடத்தின் மேல் மாடிகளுக்குப் போகப் போக, ஜன்னல் வழியே பகல் வெளிச்சம் அதிகம் வருவதால், தலைவலிப் புகார் குறைந்தது.

செல்பேசித் திரை 100ஐவிட வேகமானதுதானே, பிறகென்ன என்று கேட்கலாம். வேகம் ஒரு பாதி. மறுபாதி ஆழம், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் ஒளி எவ்வளவு இறங்குகிறது என்பது. டியூப்லைட்டின் உட்பூச்சில் ஒளி கொஞ்சம் தங்கும். இரண்டு உச்சங்களுக்கு நடுவிலும் அது முழுதாக இருண்டுவிடுவதில்லை. ஓ.எல்.இ.டி. சுவிட்சைத் தட்டியதுபோல அணைகிறது. ஏறத்தாழ 100% ஆழம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு கணக்கை, மின்னியல் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. 2015இல் வெளியிட்டது. 1789 என்பது அந்தப் பரிந்துரையின் எண். எல்.இ.டி. விளக்குகளுக்காக எழுதியது. 90 ஹெர்ட்ஸுக்கு மேல் துடிக்கும் விளக்கில், துடிப்பெண்ணை 0.08ஆல் பெருக்கினால் வருகிற சதவீதத்துக்குள் ஆழம் இருந்தால் ஆபத்து குறைவு. 240ஐப் பெருக்கினால் 19 சொச்சம். அந்த வேகத்துக்கு 19% ஆழம் தாங்கும் என்று பரிந்துரை சொல்ல, திரை 100% இறங்குகிறது. முழு ஆழத்தில் துடித்துக்கொண்டே குறைந்த ஆபத்து வரம்புக்குள் வர வேண்டுமானால் 1250 ஹெர்ட்ஸ் வேண்டும். எந்த விளைவும் இராது என்று சொல்ல 3000 ஹெர்ட்ஸ் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2021 முதல் எல்.இ.டி. விளக்குகளின் துடிப்புக்குச் சட்டப்படி வரம்பு வைத்திருக்கிறது. கூரையில் தொங்கும் விளக்குக்கு இருக்கிற அந்த வரம்பு, முகத்திலிருந்து முப்பது சென்டிமீட்டரில் பிடித்துக்கொள்கிற திரைக்குக் கிடையாது.

அந்த 3000 என்ற எண் விளம்பரத்துக்கு வந்து சேர்ந்த கதை தனி. சீனச் சந்தையில் இந்தப் புகார் முன்னதாகவே பெரிதாக எழுந்தது. அங்குள்ள நிறுவனங்கள் 1920, 2160 என்று துடிப்பை ஏற்றிக்கொண்டே போயின. 2023இல் ஹானர் 90 செல்பேசி 3840 ஹெர்ட்ஸ் என்று வந்தது, அடுத்த வருடம் அதே நிறுவனத்தின் மேஜிக் 6 ப்ரோ 4320 என்று வந்தது. பரிந்துரையின் எல்லையை மனத்தில் வைத்துத்தான் இந்த எண்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. நல்லதுதான், வேகம் கூடினால் சீப்பின் பற்கள் நெருங்கி ஒன்றாகக் கலந்துவிடும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண் எந்த வெளிச்சத்தில் பொருந்தும் என்பதைப் பெட்டி சொல்வதில்லை. சில செல்பேசிகள் ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்துக்குக் கீழே ஒரு முறையிலும் மேலே வேறு முறையிலும் ஓடுகின்றன. ஆழத்தைப் பற்றி எந்த விளம்பரமும் மூச்சு விடுவதில்லை. எண்ணைப் பார்த்து வாங்குவதைவிட, திரைகளைக் கருவி வைத்து அளந்து அலைவடிவத்தையே வெளியிடும் நோட்புக்செக் போன்ற தளங்களைப் பார்ப்பது மேல்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். 120 ஹெர்ட்ஸ் திரை என்று விற்கிறார்களே, அது வேறு. நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பதன் கணக்கு அது. 120 ஹெர்ட்ஸ் திரை 240 முறையும் துடிக்கலாம், 3840 முறையும் துடிக்கலாம். 120 என்றால் கண்ணுக்கு நல்லது என்று சொல்கிற விற்பனையாளருக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். குண்டுத் திரைக் கணினிகளின் காலத்தில் மட்டும் அப்படிச் சொல்ல நியாயம் இருந்தது. அங்கே படம் மாறுவதும் திரை மினுக்குவதும் ஒரே வேலை, 60இலிருந்து 85க்கு மாற்றியதும் கண் இளைப்பாறியதை அந்தத் தலைமுறை மறந்திருக்காது.

மின்னோட்டத்தையே குறைக்கும் முதல் வழியை ஓ.எல்.இ.டி.க்கும் கொண்டுவரும் முயற்சி 2019 வாக்கில் தொடங்கியது, அமைப்புகளில் டி.சி. டிம்மிங் என்ற பெயரில் இருக்கும். அதை இயக்கினால் மங்கலான படங்களில் நிறம் சற்றுப் பிசகும், திட்டுகள் தெரியலாம். தலைவலிக்கும் நிறத்துக்கும் இடையில் பேரம் பேசச் சொன்னால் நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. ஆப்பிள் வெகுநாள் இதைக் கண்டுகொள்ளவில்லை. 2025இல் வந்த ஐபோன் 17 வரிசையில்தான் அணுகல் வசதிகளுக்குள், துடிப்பை நிறுத்தி வேறு வழியில் மங்கலாக்கும் ஒரு சுவிட்சை வைத்தது. எட்டு வருடம் ஆயிற்று. சுவிட்ச் ஒன்று வந்துவிட்டது என்பதே, இது மனப்பிரமை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குப் போதிய பதில் என்று நினைக்கிறேன்.

ஆனால் எதிர்ப்பக்கத்துக்கும் சாய்ந்துவிடக் கூடாது. செல்பேசி பார்த்து வருகிற தலைவலி எல்லாம் துடிப்பால் வருவதல்ல. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதைவிடச் சாதாரணமானது. நாம் நிமிடத்துக்குப் பதினைந்து முறைபோல இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போகிறது, கண் காய்கிறது. சின்ன எழுத்தைப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்ப்பதால் விழிக்குள் இருக்கும் குவியத் தசை இறுகிப்போகிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும், ஒப்புக்கொள்ள மனம் வந்திருக்காது. கழுத்தைக் குனிந்தே வைத்திருப்பதால் பின்மண்டையில் ஏறும் வலியும் கண் கணக்கில் எழுதப்படுகிறது. நீல ஒளிமீது பழி போட்டு விற்கப்படும் கண்ணாடிகளைப் பற்றி, பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பு 2023இல் சொன்னது: சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், குறுகிய காலப் பயன்பாட்டில் அவை கண்சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. துடிப்பை அந்தக் கண்ணாடி எதுவும் செய்யாது என்பது சொல்லாமலே விளங்கும். அணைந்து எரிகிற விளக்கை மஞ்சள் காகிதத்துக்குப் பின்னால் வைத்தாலும் அணைந்துதான் எரியும்.

துடிப்புதான் காரணமா என்று பிரித்தறிய, அதன் நடத்தையைப் பார்க்க வேண்டும். பகலில் முழு வெளிச்சத்தில் தொல்லையில்லாமல், இரவில் குறைந்த வெளிச்சத்தில் மட்டும் வருகிறதா? ஒரு செல்பேசியில் வந்து, அதே அளவு எழுத்தை அதே தூரத்தில் வேறொரு செல்பேசியில் படிக்கும்போது வராமல் இருக்கிறதா? செல்பேசி மாற்றிய சில நாட்களில் தொடங்கியதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பேனாவை எடுத்து ஆட்டிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் மினுக்கத்தைத் தாங்காதவர்கள் என்பது மருத்துவர்கள் அறிந்தது. அவர்கள் முதலிலேயே ஆட்டிப் பார்க்கலாம். அதே சமயம், திடீரென்று பார்வை மங்குவது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, வாந்தியோடு வரும் கடும் கண்வலி, இவற்றைத் திரையின் தலையில் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அவை மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள்.

எனக்கு உதவிய மாற்றம் முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றியது: வெளிச்சத்தைக் கூட்டு. திரையின் வெளிச்சக் குமிழைப் பாதிக்கு மேலேயே வைத்துக்கொண்டு, மங்கலாக்கும் வேலையை மென்பொருளிடம் கொடுத்துவிட வேண்டும். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் ‘எக்ஸ்ட்ரா டிம்’ என்றும், ஐபோனில் ‘ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட்’ என்றும் இதற்கு வசதி இருக்கிறது. இவை துடிப்பின் அகலத்தைத் தொடுவதில்லை; காட்ட வேண்டிய வெள்ளையையே சாம்பலாக்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் அதே அளவு குறையும், ஆனால் இருட்டு இடைவெளிகள் நீளாது. எத்தனை சதவீதத்தில் சீப்பு மறைகிறது என்பது செல்பேசிக்குச் செல்பேசி மாறும். என்னுடையதில் அறுபதுக்கு மேல் போனதும் பற்கள் மங்கின. தானாக வெளிச்சம் மாறும் வசதியை அணைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அறை இருண்டதும் அது குமிழைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். கூடவே தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் தூங்குகிறவர்கள் முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள்.

போன மாதம் அக்காள் மகளுக்குச் செல்பேசி வாங்க, நகரின் பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். நீள மேசையில் பதினைந்து இருபது மாதிரிச் செல்பேசிகள், ஒவ்வொன்றும் முழு வெளிச்சத்தில் கடலையும் பூவையும் காட்டிக்கொண்டிருந்தன. எந்தத் திரையும் துடிப்பை மறைத்துக்கொள்கிற நிலை அது. கடையில் எவரும் அதை இரவு பதினொரு மணி நிலையில் வைத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைப் பக்கம் திறந்து, வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, மேசைக்கு அடியில் நிழலாக இருந்த இடத்தில் வைத்துப் பேனாவை ஆட்டத் தொடங்கினேன். அக்காள் மகள் வெட்கப்பட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். நான்காவது செல்பேசியில் விற்பனைப் பையன் வந்து என்ன சார் செய்கிறீர்கள் என்று கேட்டான். காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன்னுடைய செல்பேசியை எடுத்து வெளிச்சத்தைக் குறைத்து என்னிடம் நீட்டினான்.